சந்தனம் பூசிய டெலிபோன்

அண்ணே,

போன வாரம் கைரேகையைப் புதுப்பிக்கச் சொல்லி பாங்கியிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். போனேன். மேஜையில் ஒரு பெண் அதிகாரி, முப்பது வயது இருக்கும். காதில் சின்னதாக ஒரு மெஷின் வைத்திருந்தார். அவர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தபோது மேஜை மேலிருந்த டெலிபோன் அடித்தது. மணிக்கு அவர் நிமிரவில்லை. டெலிபோனின் தலையில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது, அதைப் பார்த்துத்தான் நிமிர்ந்தார். எடுத்து, ஓரத்தில் எதையோ அழுத்தினார். அந்தப் பக்கத்து ஆள் பேசுவது மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்கிற அளவுக்குச் சத்தம் கூடிவிட்டது.

நான் விரலை நீட்டியபடியே நின்றிருக்கிறேன். "என்ன தாத்தா, போனையே அப்படிப் பாக்குறீங்க?" என்றார்.

"அந்த விளக்கு எதுக்கு ஆயி?"

"எனக்குக் காது கம்மி தாத்தா. மணி கேக்காட்டியும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும்ல."

மூக்குக் கண்ணாடியைப் பற்றிச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பக்கத்து மேஜைக்காரர்கள் யாரும் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். உங்கள் காதை நீங்கள் எப்படியெல்லாம் ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். இடையிடையே எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அவள் பார்க்கட்டும், எனக்குச் சொல்லியாக வேண்டும்.

கறம்பக்குடி அரிசி மில்லுக்கு நான் மோட்டார் ஓட்டுகிறவனாக வந்தபோது, நீங்கள் அங்கே கணக்கப்பிள்ளையாக வெகுநாள் உட்கார்ந்துவிட்டிருந்தீர்கள். ஆபீஸ் என்று அதற்குப் பெயர்தான் பெரிது. மில்லின் ஒரு மூலையைப் பலகை வைத்துத் தடுத்திருந்தார்கள். பலகைக்கு இந்தப் பக்கம் உங்கள் மேஜை, அந்தப் பக்கம் அரவை மெஷின். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை உங்கள் வலது காதுக்குப் பின்னாலேயே அது இரைந்துகொண்டே இருக்கும். மில்லைவிட்டு வெளியே வந்தாலும் நாம் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். கடைத்தெருவில் நமக்கு "மில்லுக்காரச் சத்தம்" என்றே பேர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பிறந்து ஒன்றிரண்டு வருஷம் போயிருக்கும். முதலாளி அலையாய் அலைந்து மில்லுக்கு டெலிபோன் வாங்கினார். அது வந்த அன்று தெருவே வந்து எட்டிப் பார்த்தது. கறுப்பாக, கனமாக, பக்கத்தில் சுற்றுகிற கைப்பிடியோடு. கைப்பிடியைச் சுற்றினால் போஸ்ட் ஆபீசில் நம் நம்பருக்கு உண்டான தகடு டக்கென்று விழும், அங்கிருக்கும் ஆள் யார் வேண்டும் என்று கேட்பார். லைன்மேன் வந்து கம்பி இழுத்தார். ரோடு வலது பக்கம் என்பதால் கம்பியும் வலது பக்கச் சுவரில்தான் இறங்கியது. ரிசீவரோடு வந்த வயர் குட்டை. எடுத்தால் வலது காதுக்குத்தான் சுகமாக எட்டும். உட்காருகிறவருக்கு எந்தக் காது நல்ல காது என்று யாரும் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

லைன்மேன் போகும்போது நம்மையெல்லாம் நிற்க வைத்துச் சில விஷயம் சொன்னார். இடி மின்னல் அடிக்கிறபோது ரிசீவரைக் கையில் எடுக்கவே கூடாது, மின்னல் கம்பி வழியாக உள்ளே இறங்கும் என்றார். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வெளியே இரும்புக் குழாயைப் புதைத்து, கரியும் உப்பும் போட்டு, செம்புக் கம்பி கட்டியிருக்கிறேன், குழி காய்ந்தால் பிரயோசனமில்லை, போனிலும் கரகரவென்று இரைச்சல் வரும், அதனால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள் என்றார். தண்ணீர் ஊற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. நம் செம்மண் எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். ஏதோ தென்னங்கன்றுக்கு ஊற்றுகிற மாதிரி, "எப்படா காய்க்கும்?" என்று மூட்டைக்காரர்கள் என்னைக் கேலி செய்வார்கள்.

அன்றைக்கே முதலாளியும் ஒரு சட்டம் போட்டார். "அது வாய் வைக்கிற சாமான். நானும் கணக்கப்பிள்ளையும் தவிர ஒருத்தரும் தொடக்கூடாது." நாங்கள் வெற்றிலை போடுகிறவர்கள், தவிட்டுக் கையும் எண்ணெய்க் கையுமாக இருக்கிறவர்கள். அவர் சொன்னதில் எங்களுக்கு வருத்தம்கூட வரவில்லை. அப்போதெல்லாம் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம்.

மணி அடித்தால் நீங்கள் ரிசீவரை எடுத்துக்கொண்டு, நாற்காலியோடு பாதி திரும்பி, குட்டை வயரை விறைக்க இழுத்து, இடது காதில் வைப்பீர்கள். முதுகு வாசலைப் பார்க்கும். "அண்ணன் போன்ல பேசுறப்ப பொண்ணு பாக்க வந்தப்ப வெக்கப்படுற பொண்ணு மாதிரில்ல திரும்பிக்கிறாரு" என்று தவிட்டுப் பக்கம் சிரிப்பாக இருக்கும். நீங்களும் கூடச் சிரிப்பீர்கள்.

ஒருநாள் வண்டி நிற்கிற வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னீர்கள்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன். ஒன்னோட இருக்கட்டும்."

"சொல்லுங்கண்ணே."

"எனக்குச் சோத்தாங்கைப் பக்கத்துக் காது போயிருச்சு. பீச்சாங்கைப் பக்கமும் மில்லு ஓடுனா போயிருது."

"தெரியும்ண்ணே."

"எப்பிடிரா தெரியும்?"

"அங்கிட்டு நின்னு கூப்புட்டா நீங்க திரும்புறதே இல்லையே. மொதல்ல திமிருன்னு நெனச்சேன்."

நீங்கள் புரையேறும்படி சிரித்தீர்கள். சிரித்து முடித்ததும் முகம் சுருங்கிப் போனது. "முதலாளிக்குத் தெரிஞ்சா மேசைக்கு வேற ஆளக் கொண்டாந்துருவாரு. இனிமே போன் இருக்குற மேசையிலதான்டா சோறு இருக்கு" என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் நமக்குள் அந்த ஏற்பாடு. மணியின் அதிர்வு மேஜையில் கைக்குத் தெரிந்ததும் பலகைத் தடுப்புக்கு மேலே உங்கள் சிவப்புத் துண்டு உயரும். நான் பெல்ட்டைத் தள்ளி, சும்மா சுற்றுகிற சக்கரத்துக்கு மாற்றிவிடுவேன். அரவை நின்று இரைச்சல் அடங்கும். மோட்டாரின் ஓட்டம் கம்பியில் கலந்து ஊமென்று இரைகிறது, வெளியூர்க்காரனுக்கு நம் பேச்சு விளங்கவில்லை என்று முதலாளியிடம் சொல்லி வைத்தீர்கள். அது பொய்யும் இல்லை, லைன்மேனும் அப்படித்தான் சொன்னார். ஆனாலும் முதலாளி முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார். "யாவாரத்தப் பெருக்கலாம்னு போன வாங்குனேன். அது அடிச்சா நீங்க மில்ல நிறுத்துறீங்க" என்பார். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓட்டினோம்.

அப்போதுதான் உங்கள் வீட்டில் அண்ணி முழுகாமல் இருந்தார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து நின்ற கரு. வளைகாப்பு முடித்து வல்லத்திராக்கோட்டையில் அவருடைய ஆத்தா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். நீங்கள் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. நேரம் நெருங்கினால் புதுக்கோட்டை டவுனில் இருக்கிற டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன், அங்கே போன் இருக்கிறது என்றீர்கள். மாமியாரிடம் மில்லு நம்பரைச் சொல்லி, அவர் ஒப்பிக்கும்வரை விடவில்லையாம்.

"அதெல்லாம் நமக்கெதுக்கு மாப்ளேன்னு சொல்றாகடா. நாஞ் சொல்லிட்டேன், எதுன்னாலும் ஆஸ்பத்திரியிலேருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க, நான் இங்கிட்டு போன் பக்கத்துலயேதான் இருப்பேன்னு."

அதைச் சொல்கையில் உங்கள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. வல்லத்திராக்கோட்டைக்கும் கறம்பக்குடிக்கும் நடுவில் இருக்கிற தூரத்தையெல்லாம் நீங்களே கம்பி இழுத்து மூடிவிட்ட மாதிரி. அந்தப் பெருமையை நான் தப்புச் சொல்ல மாட்டேன். எனக்கும் அன்றைக்கு அது பெரிதாகத்தான் பட்டது.

ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே மில்லை நிறுத்தி, மெஷினைக் கழுவி, பெல்ட்டுகளைத் துடைத்து, தராசு, படி, ஸ்பேனர், சாக்கு தைக்கிற ஊசிவரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். போனை வைப்பதா வேண்டாமா என்று ஒரு பேச்சு வந்தது. "அதுவும் நமக்கு ஆயுதந்தானப்பா, வைங்க" என்றார் முதலாளி. நீங்கள்தான் வைத்தீர்கள். சந்தனத்தைத் தண்ணீர் விட்டுத் தளரக் கரைத்துக்கொண்டு, கைப்பிடிக்கு ஒரு பொட்டு, பெட்டிக்கு ஒரு பட்டை, ரிசீவரின் இரண்டு முனைக்கும் வழிய வழியப் பூசினீர்கள். பேசுகிற முனையில் இன்னும் ஒரு கை அதிகம். மேலே குங்குமம். மூட்டை தூக்குகிற ஒருவர், "மாப்பிள்ளைக்கு நலுங்கு வக்கிற மாதிரில்ல வக்கிறாரு" என்று சொன்னபோது நீங்கள், "நல்ல வார்த்தையாக் கொண்டாந்து குடுக்கட்டும்டா" என்றீர்கள். உங்கள் மனதில் அன்றைக்கு எந்த வார்த்தை இருந்தது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதற்கு மேல் கேலி செய்யவில்லை.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை எடுத்து வைக்கிறவரை தொடக்கூடாது. அது நம் பழக்கம். சூடம் காட்டி, பொரியும் சுண்டலும் பங்கிட்டுக் கொடுத்து, ஆட்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வானம் கறுத்துத் தூறல் விழத் தொடங்கியிருந்தது. தூரத்தில் இடி. முதலாளி, நீங்கள், நான் மூன்று பேர்தான் மில்லில் இருந்தோம்.

மணி அடித்தது.

உங்கள் கையிலிருந்த பொரி கீழே கொட்டியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. முதலாளியைப் பார்த்தீர்கள். அவர் போனைப் பார்த்தார், அதன் மேல் இருந்த பூவைப் பார்த்தார். மணி நின்றது. மறுபடி அடித்தது. முதலாளி நல்லவர், கெட்டவர் என்று ஒரு சொல்லில் அடங்குகிற ஆள் இல்லை. பூஜை நியமத்தில் நூலிழை பிசக விடாதவர். அன்றைக்கு அவர் வாய்விட்டுச் சொன்னார்: "எடுப்பா. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நீங்கள் பாய்ந்து எடுத்தீர்கள். மில் ஓடாத நாள். இரைச்சல் என்பதே இல்லை. துண்டு உயர்த்த வேண்டிய தேவையில்லாமல் நீங்கள் போன் பேசுவது அதுதான் முதல் தடவை. இடது காதில் அழுத்தி வைத்துக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்றீர்கள். மழையில் கம்பி கரகரத்திருக்கும். உங்களுக்கு ஆஸ்பத்திரி என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. "என்ன, என்ன சொல்றீங்க, உரக்கச் சொல்லுங்க" என்று கேட்டுக்கேட்டு, வேர்த்துப் போய், கடைசியில் முதலாளி பார்த்துக்கொண்டிருக்க ரிசீவரை என் பக்கம் நீட்டினீர்கள்.

"தம்பி, எனக்குக் கேக்கல. நீ கேளு."

அவ்வளவு நாள் ஒளித்து வைத்ததை அந்த ஒரு சொல்லில் முதலாளிக்கு முன்னால் போட்டு உடைத்துவிட்டீர்கள். அவர் தலையை மட்டும் என் பக்கம் ஆட்டினார். நான் வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினேன். அதற்குமுன் அதைத் தொட்டதில்லை. சந்தனம் பிசுபிசுவென்று கன்னத்தில் ஒட்டியது.

எனக்குக் கேட்டது அண்ணே. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் பேசினார். "பிள்ளை குறுக்க கெடக்குங்க. வயித்த அறுத்துத்தான் எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. இந்தம்மா, மாப்பிள்ளையக் கேக்காமக் கைநாட்டு வைக்க மாட்டேங்குறாக. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தாமசம் பண்ண நேரமில்ல."

நான் கேட்கக் கேட்க உங்கள் இடது காதுக்குள் கத்தினேன். நீங்கள் ரிசீவரைப் பிடுங்கி அந்த முனையில் வாயை வைத்து, "சரி, செய்யுங்க. சரி, சரி" என்றீர்கள். மறுபடி என் காதில் வைத்துக் கேட்டேன்.

"ஹலோ. கேக்குதுங்களா? ஹலோ."

நான் சொன்னேன், "சரிங்கிறாக, செய்யச் சொல்றாக." கேட்கவில்லை. முதலாளி வந்து வாங்கினார். நெல் வியாபாரிகளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவைத்துப் பேசுகிற குரல் அவருக்கு. அந்தக் குரலில் "சரின்னு சொல்லியாச்சுய்யா" என்று கத்தினார். திரும்ப என்னிடம் கொடுத்தார். அந்தப் பக்கம் கம்பவுண்டர் பக்கத்திலிருக்கிற யாரிடமோ சொல்கிறார்: "எடுத்துட்டாக. பேச மாட்டேங்குறாக." பிறகு என்னிடம், "யாராச்சும் இருக்கீங்களா?" என்கிறார்.

நீங்கள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டீர்கள். பேச்சு போகவில்லை என்றால் மணியாவது போகட்டும் என்று நினைத்தீர்களோ என்னவோ, கைப்பிடியைப் பிடித்துப் பைத்தியம் போலச் சுற்றினீர்கள். அது போனது அண்ணே. போனது என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் கம்பவுண்டர், "கரகரன்னு ஏதோ இரைச்சல் மட்டும் வருது. மழைக்கு லைன் சரியில்ல" என்றார். நம்மிடமிருந்து அவருக்குப் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான். அதையும் மழையின் கணக்கில் எழுதிவிட்டார்.

அதற்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளைக் குரல் வந்தது. உங்கள் மாமியார். ரிசீவருக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

"எடுத்துட்டு வாயத் தொறக்கலேன்னா, அவுகளுக்கு மனசில்லேன்னுதான அர்த்தம்."

அந்த நேரம் பளீரென்று ஒரு வெளிச்சம். என் காதுக்குள் யாரோ சாட்டையைச் சொடுக்கினாற்போல ஒரு வெடிப்பு. ரிசீவர் கையிலிருந்து தெறித்து மேஜைக் காலில் மோதியது. நான் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி என்னைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்துக் கண்ணைத் திறந்து பார்த்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. குழியில் நான் ஊற்றிய தண்ணீர் என்னைக் காப்பாற்றியது என்று லைன்மேன் பின்னால் சொன்னார். போன் செத்துவிட்டது.

அந்தம்மா சொன்னதை அன்றைக்கு நான் உங்களிடம் சொல்லவில்லை. என்ன சொல்வது? மழையில் போஸ்ட் ஆபீசுக்கு ஓடினோம். அங்கிருந்து பேசிவிடலாம் என்று. அங்கே உட்கார்ந்திருந்தவர் நம்மைப் பார்த்ததுமே, "ஒங்க மில்லுத் தகடு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. எடுத்தா ஒரு சத்தமும் இல்ல, என்ன விளையாட்டா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். புதுக்கோட்டை லைனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வழியில் எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்திருந்தது. அவர் தோள் வலிக்கிறவரைக்கும் சுற்றினார். நீங்கள் அவர் மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

முதலாளி தன் காரை எடுத்தார். மூன்று பேரும் கிளம்பினோம். பாதி வழியில் தரைப்பாலத்தின் மேல் செந்தண்ணீர் ஓடியது. அது வடிகிறவரை இந்தக் கரையில் நின்றோம். நீங்கள் இறங்கி நடக்கப் போனீர்கள், நாங்கள் இரண்டு பேரும் பிடித்து வைத்துக்கொண்டோம். தண்ணீரைப் பார்த்து நீங்கள் மெதுவாக, யாருக்கும் சொல்லாத மாதிரி, "சரின்னு சொல்லிட்டேனே, சரின்னு சொல்லிட்டேனே" என்றீர்கள்.

விடிந்துதான் போய்ச் சேர்ந்தோம். உங்கள் மாமியார் நெடுநேரம் தவித்துவிட்டுக் கடைசியில் கைநாட்டு வைத்திருக்கிறார். அறுத்து எடுத்ததில் பெண் குழந்தை பிழைத்தது. அண்ணி பிழைக்கவில்லை. டாக்டரம்மா களைத்துப்போன முகத்தோடு வந்து, உங்கள் முன்னால் நின்று, "போன எடுத்தீங்களாமே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்துவிட்டு, உங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நீங்கள் மாமியாரிடம் போய், "சரின்னுதான் ஆத்தா சொன்னேன்" என்றீர்கள். அவர் மடியில் கிடந்த பிள்ளையிடமிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

சடங்கெல்லாம் முடிந்து நீங்கள் மில்லுக்கு வந்த பிறகுதான் லைன்மேன் வந்தார். பேசுகிற முனையைத் திருகிக் கழற்றினார். "என்னய்யா இது, போனுக்கு அபிஷேகமா பண்ணீங்க?" என்று சிரித்தார். அந்த ஓட்டைகள் எல்லாவற்றிலும் சந்தனம் இறுகிக் கிடந்தது. உள்ளே கரித்தூள் இருக்கிறது, நம் குரலை அதுதான் வாங்கிக் கம்பிக்கு அனுப்புகிறது, தண்ணீரும் சந்தனமும் இறங்கி அது கட்டி பிடித்துவிட்டது என்று ஊசியால் குத்திக் காட்டினார். காட்டிவிட்டு நிமிர்ந்தவர், எங்கள் முகங்களைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்.

நீங்கள் கேட்டீர்கள்: "இது மட்டும் இல்லேன்னா, நாஞ் சொன்னது அங்க கேட்டிருக்குமா?"

லைன்மேன் ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "சொல்ல முடியாதுங்க. அன்னிக்கு லைனே சரியில்ல" என்றார்.

இரக்கப்பட்டுச் சொன்னாரா, மெய்யாகத்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கிளம்புமுன் முதலாளி அவரைக் கூப்பிட்டு, போனை மேஜையின் இடது பக்கத்துக்கு மாற்றி, வயரையும் நீளமாகப் போடச் சொன்னார். உங்களிடம் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. உங்கள் வேலையையும் தொடவில்லை. காதை ஒளித்து வைத்து எதற்காகப் பயந்தீர்களோ அது நடக்கவே இல்லை. யாரும் தொடக்கூடாது என்ற சட்டமும் பேச்சில்லாமல் போய்விட்டது. பிறகு வந்த பூஜைகளில் போனை ஒரு துணியால் மூடி, பக்கத்தில் ஒரு ஸ்டூலில் ஒதுக்கி வைத்தார்கள்.

இடது பக்கம் மாற்றியும் நீங்கள் அதைக் கையில் எடுக்கவில்லை. மணி அடித்தால் எழுந்து வந்து என் பக்கத்தில் நிற்பீர்கள். நான் பெல்ட்டைத் தள்ளிவிட்டு வந்து எடுப்பேன். எந்த ஊர், எத்தனை மூட்டை, என்றைக்கு லாரி என்று கேட்டு மனதில் வைத்துக்கொண்டு, உங்கள் இடது காதில் சொல்வேன், நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். எழுதத் தெரியாதவன் கேட்டு, கேட்காதவர் எழுதி, அப்படியே அந்த மில்லை மூடுகிறவரை ஓட்டினோம்.

வல்லத்திராக்கோட்டையில் வேறு கதை ஓடியது. மாப்பிள்ளை போனை எடுத்தார், விஷயத்தைக் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் வைத்துவிட்டார் என்று. அந்தம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று நீங்கள் சொன்னதை அவர் எழுத்துப் பிசகாமல் செய்தார். உங்களுக்குத் தெரியாமல் நான் ஒருமுறை போனேன். தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். சந்தனம், ஓட்டை, கரித்தூள் என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அந்தம்மா ஆயுசில் அந்த ஒருநாள்தான் போனைப் பார்த்தவர். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, மணி அடிச்சுச்சு. அவுக எடுத்தாக. அந்த ஆளு பேசுனது ஒங்களுக்குக் கேட்டுச்சுங்கிறீக. அதே கம்பியிலதான நீங்க பேசுனதும் வரணும். சாமிக்கு வச்ச சந்தனத்து மேல பழியப் போடாதீக."

மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள் மகள் அங்கேயே வளர்ந்தது, நீங்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் துணி எடுத்துக்கொண்டு போனது, அது வாசல்வரை வந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனது எல்லாம் உங்களுக்கே தெரியும். ஒருநாளாவது உட்கார வைத்துச் சொல்லுங்கள் என்று எத்தனையோ முறை உங்களிடம் மன்றாடினேன். "சொன்னா நம்பணும்ல" என்பீர்கள். நம்பாவிட்டால் என்ன செய்வது என்ற பயம் உங்களுக்கு. சொல்லாமல் இருக்கிறவரை நம்பிவிடும் என்று ஒரு பிடி இருந்தது போலும்.

உங்களைப் பாடையில் எடுத்த அன்று மகள் வந்தது. தலை நரைத்திருந்தது, கூட இரண்டு பேரப்பிள்ளைகள். நான் பக்கத்தில் போய், "அன்னிக்கு நானும் இருந்தேன் தாயி. ஒங்கப்பா சரின்னுதான் சொன்னாரு, என் காதால கேட்டேன்" என்றேன். அது என் கையைப் பிடித்துக்கொண்டது. "இருக்கட்டும் சித்தப்பா. அம்மாச்சியும் இல்ல, அவுகளும் போயிட்டாக. இப்ப யாரு சரின்னு சொல்லி என்ன?" என்றது. கோபமில்லாமல்தான் சொன்னது. நம்பியதா, என்னைச் சமாதானப்படுத்தியதா, எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டது.

முதலாளி போய் வெகுகாலமாகிறது. அந்தக் கம்பவுண்டரும் இருக்க மாட்டார். அந்தக் கம்பியின் இரண்டு முனையிலும் நின்றவர்களில் மிச்சம் நான் ஒருத்தன்தான். எனக்கு ஒரு பெயரோ முகமோ மறந்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். மறக்காமல் இருந்து என்ன கண்டேன்? சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் குரல் வருகிறது. யாராச்சும் இருக்கீங்களா என்று கேட்கிறது. வாயைத் திறந்து பதில் சொல்லிவிடுகிறேன். மருமகள் உள்ளேயிருந்து, யாரிடம் பேசுகிறீர்கள் மாமா என்று கேட்பாள்.

இருந்தோம் அண்ணே. மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் சரி என்றுதான் சொன்னோம்.